முதல் மூன்று, கடைசி மூன்று: விரிதாளில் வகைகளை வரிசைப்படுத்தும் முறை

எந்தச் சரக்கு அதிகம் விற்கிறது, எது தேங்குகிறது என்ற கேள்விக்கு விரிதாள் மூன்று படிகளில் பதில் தருகிறது. முதலில் சிதறிக் கிடக்கும் விற்பனைப் பதிவுகளை வகை வாரியாகக் கூட்ட வேண்டும். அடுத்து, அந்தக் கூட்டுத்தொகைகளில் பெரியவற்றையும் சிறியவற்றையும் பொறுக்க வேண்டும். கடைசியாக, பொறுக்கிய தொகை எந்த வகைக்கு உரியது என்று பெயரைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஒருமுறை எழுதி வைத்தால் போதும். புதிய விற்பனை பதிவாகும்போதெல்லாம் பட்டியல் தானே மாறிக்கொள்ளும்.

கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா இதற்குப் பொருத்தமான களம். 1863இல் தோன்றிய இந்தியப் பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய அந்தத் தெருவில், ஒரே துணிக்கடையில் சேலையும் பாஜு கூரோங்கும் பஞ்சாபி உடையும் சொங்கோக்கும் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கும். நோன்புப் பெருநாளுக்கு ஒரு சரக்கு ஓடும், தீபாவளிக்கு வேறொன்று ஓடும். வகைகள் பெருகும்போது, எது கடையைத் தாங்குகிறது என்பதை நினைவிலிருந்து மட்டும் சொல்வது கடினம்.

கணக்கை வகை பிரித்துப் பார்க்கும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. பள்ளிவாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் லெபோ அம்பாங்கில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில், அன்றாட வரவு செலவு குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து ஆள் வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். முடிவில் ஐந்தொகை போட்டுச் சரிபார்க்கப்படும். விரிதாளில் நடப்பதும் இதே வேலைதான். பதிவுத்தாள் குறிப்பேடு, வகைத் தொகுப்பு பேரேடு, சரிபார்க்கும் கூட்டல் ஐந்தொகை.

கணினியில் விரிதாள் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த விசிகால்க்குடன் பரவத் தொடங்கியது. அதை உருவாக்கியவர்கள் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் இருவரும். 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. மைக்ரோசாஃப்ட் எக்செல் 1985இல் மெக்கின்டாஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. இன்று எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மூன்றிலும் அடிப்படைச் சூத்திரங்கள் ஏறத்தாழ ஒன்றே. இக்கட்டுரையில் சூத்திரப் பெயர்களும் கட்டங்களின் முகவரிகளும் உச்சரிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

பதிவுத்தாள்

வரிசைப்படுத்தலின் தரம் பதிவுத்தாளின் ஒழுங்கைப் பொறுத்தது. ஒரு விற்பனைக்கு ஒரு வரி. ஏ நெடுவரிசையில் தேதி, பி நெடுவரிசையில் வகை, சி நெடுவரிசையில் தொகை. மாதத்துக்கு ஒரு தாள், வகைக்கு ஒரு தாள் என்று பிரித்து வைத்தால் பின்னர் கூட்டுவது சிக்கலாகும். எக்செல்லின் ஒரு தாளில் 10,48,576 வரிகள் இருப்பதால் நடுத்தரக் கடை ஒன்றின் பல ஆண்டு விற்பனையை ஒரே தாளில் அடக்கலாம்.

வகைப் பெயர் எப்போதும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். கல்லாவில் இருப்பவர் ஒருநாள் ‘சேலை’ என்றும் மறுநாள் ‘புடவை’ என்றும் எழுதினால் கணினி அவற்றை இரண்டு வகையாகக் கொள்ளும். ‘பாஜு கூரோங்’ ஓரிடத்தில் ‘பாஜு குரோங்’ ஆனாலும், சொல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் அதே கதைதான். பி நெடுவரிசையில் தட்டச்சு செய்ய விடாமல், ‘டேட்டா வேலிடேஷன்’ வசதியால் இறங்கு பட்டியல் ஒன்றை அமைத்து அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்வது நல்ல தடுப்பு. ஏற்கெனவே புகுந்துவிட்ட இடைவெளிகளை ட்ரிம் சூத்திரம் நீக்கும்.

தொகை நெடுவரிசையில் எண் மட்டும் இருக்க வேண்டும். ‘120 வெள்ளி’ என்று சொல்லோடு சேர்த்து எழுதினால் கணினிக்கு அது எண் ஆகாது, கூட்டலில் சேராது. நாணயக் குறி தேவையென்றால் கட்டத்தின் வடிவமைப்பில் அதை அமைக்கலாம்.

வகை வாரியாகக் கூட்டல்

அதே தாளில் இ நெடுவரிசையில் வகைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எஃப் நெடுவரிசையில் சம்இஃப் சூத்திரம் வரும். இ2 கட்டத்தில் ‘சேலை’ இருந்தால், எஃப்2 கட்டத்தில் எழுத வேண்டியது இது:

=சம்இஃப்(பி:பி, இ2, சி:சி)

பி நெடுவரிசையில் எங்கெல்லாம் ‘சேலை’ இருக்கிறதோ, அந்தந்த வரியின் சி தொகையைக் கூட்டு என்பது இதன் பொருள். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வகைகளுக்கும் கூட்டல் வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கூட்ட வேண்டுமானால், பல நிபந்தனைகளை ஏற்கும் சம்இஃப்ஸ் சூத்திரத்தில் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஐந்தொகை போட வேண்டும். எஃப் நெடுவரிசையின் மொத்தமும் சி நெடுவரிசையின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், பதிவுத்தாளில் உள்ள ஏதோ ஒரு பெயர் வகைப் பட்டியலில் இல்லை என்று பொருள். பெரும்பாலும் அது எழுத்துப் பிழையாகவே இருக்கும்.

விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைத்த ஒரு கடையின் ஒரு மாத விற்பனையை எடுத்துக்கொள்ளலாம். இ2 முதல் இ9 வரை எட்டு வகைகள். எதிரே எஃப் நெடுவரிசையில் அவற்றின் தொகை, வெள்ளியில்:

சேலை: 48,200
பஞ்சாபி உடை: 36,500
பாஜு கூரோங்: 52,900
பாஜு மெலாயு: 27,400
தூடோங்: 31,600
கைலி: 14,300
சொங்கோக்: 9,800
தொழுகை விரிப்பு: 9,800

மொத்தம் 2,30,500 வெள்ளி.

முதல் இடங்கள்

பெரிய எண்ணை எடுப்பது லார்ஜ் சூத்திரத்தின் வேலை. எந்தப் பரப்பில் தேட வேண்டும், எத்தனையாவது பெரிய எண் வேண்டும் என்ற இரண்டை அதற்குச் சொல்ல வேண்டும்.

=லார்ஜ்($எஃப்$2:$எஃப்$9, 1)

இதன் விடை 52,900. கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்கினால் 48,200, 3 ஆக்கினால் 36,500. டாலர் குறி, சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பரப்பு நகராமல் பிடித்துவைக்கும். 1, 2, 3 என்று சூத்திரத்துக்குள் எழுதுவதைவிட, ஹெச் நெடுவரிசையில் அந்த எண்களை எழுதி அந்தக் கட்டத்தைச் சுட்டுவது வசதி. பட்டியலை முதல் ஐந்தாக நீட்ட வேண்டுமென்றால் இரண்டு எண்களைச் சேர்த்துச் சூத்திரத்தை இழுத்தால் போதும்.

தொகை கிடைத்துவிட்டது, இனி பெயர் வேண்டும். அதற்கு மேட்ச், இண்டெக்ஸ் என்ற இரண்டு சூத்திரங்கள் சேர்ந்து உழைக்கின்றன. 52,900 என்ற எண் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று மேட்ச் சொல்லும்: மூன்றாவது இடம். பெயர்ப் பட்டியலின் மூன்றாவது இடத்தில் இருப்பதை இண்டெக்ஸ் எடுத்துத் தரும்: பாஜு கூரோங். ஐ2 கட்டத்தில் லார்ஜ் தந்த தொகை இருப்பதாகக் கொண்டால் சூத்திரம் இப்படி அமையும்:

=இண்டெக்ஸ்($இ$2:$இ$9, மேட்ச்(ஐ2, $எஃப்$2:$எஃப்$9, 0))

மேட்ச்சின் முடிவில் உள்ள 0, அச்சாகப் பொருந்தும் எண்ணை மட்டும் ஏற்றுக்கொள் என்ற கட்டளை. அதை விட்டுவிட்டால், பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக மேட்ச் எடுத்துக்கொள்ளும். இப்பட்டியல் அப்படி இல்லாததால் தவறான இடத்தைக் காட்டக்கூடும். இம்முறையில் முதல் மூன்று இடங்கள் பாஜு கூரோங், சேலை, பஞ்சாபி உடை என்று வருகின்றன. மூன்றின் கூட்டு 1,37,600 வெள்ளி. மொத்த விற்பனையில் ஏறத்தாழ 60 விழுக்காடு.

கடைசி இடங்கள்

லார்ஜ் என்று எழுதிய இடத்தில் ஸ்மால் என்று மாற்றினால் கடைசி இடங்கள் கிடைக்கும் என்பது பொது விதி. எக்செல் அதையும் தட்டாமல் செய்யும். ஆனால் வந்த பட்டியலைப் பார்த்தால் ஒரு கோளாறு தெரியும்: கடைசி இடத்திலும் சொங்கோக், அதற்கு முந்தைய இடத்திலும் சொங்கோக். தொழுகை விரிப்பைக் காணோம்.

காரணம் எளியது. சொங்கோக்கும் தொழுகை விரிப்பும் தலா 9,800 வெள்ளிக்குத்தான் விற்றுள்ளன. ஸ்மால் இரண்டு முறையும் 9,800 என்று சரியாகவே சொல்கிறது. மேட்ச் மேலிருந்து தேடி, முதலில் கண்ட 9,800இல் நின்றுவிடுகிறது. சம எண்கள் பட்டியலின் மேற்பகுதியிலும் வரலாம். ஆனால் தொகைகள் சிறுத்து நெருங்கி நிற்கும் அடிப்பகுதியில்தான் அவை அடிக்கடி வரும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு வகைக்கும் தனி இட எண் கொடுப்பது. ரேங்க் சூத்திரம் மட்டும் போதாது. அது சொங்கோக்குக்கும் 7, தொழுகை விரிப்புக்கும் 7 என்று கொடுத்துவிட்டு எட்டாம் இடத்தைக் காலியாக விடும். அதனுடன் கவுண்ட்இஃப் சூத்திரத்தைச் சேர்க்க வேண்டும். ஜி2 கட்டத்தில்:

=ரேங்க்(எஃப்2, $எஃப்$2:$எஃப்$9) + கவுண்ட்இஃப்($எஃப்$2:எஃப்2, எஃப்2) - 1

இதே தொகை இதுவரை எத்தனை முறை வந்துவிட்டது என்று கவுண்ட்இஃப் எண்ணும். முதல் முறை வந்தால் கூடுதல் எதுவும் இல்லை. இரண்டாம் முறை வந்தால் இட எண்ணில் ஒன்று கூடும். சொங்கோக் 7, தொழுகை விரிப்பு 8 என்று பிரிந்துவிடும். அதன் பின் தொகையைத் தேடாமல் ஜி நெடுவரிசையில் இட எண்ணைத் தேடினால் எந்தப் பெயரும் இரட்டிக்காது. இங்கே தொழுகை விரிப்பு எட்டாம் இடத்துக்குப் போனதற்குப் பட்டியலில் கீழே எழுதப்பட்டது மட்டுமே காரணம். அதைப் படிப்பவருக்கு, இரண்டும் சமம் என்று ஒரு குறிப்பு இருப்பது நேர்மை.

அடியில் ஒதுங்கும் பிழைகள்

சம எண்கள் மட்டுமன்று, விரிதாளின் மற்றப் பிழைகளும் பெரும்பாலும் கடைசி இடங்களிலேயே வந்து ஒதுங்குகின்றன. கடையின் முதலிடம் எது என்பது சூத்திரம் இல்லாமலும் ஓரளவு தெரியும். கடைசி இடத்தைச் சொல்லுமுன் நான்கு சோதனைகள் தேவை.

முதலாவது, எழுத்துப் பிழையில் பிறந்த போலி வகை. யுனிக் சூத்திரத்தைக் கொண்டு பதிவுத்தாளிலிருந்தே வகைப் பட்டியலைத் திரட்டினால், ஒரே ஒருமுறை தவறாக எழுதிய ‘பாஜு குரோங்’ 120 வெள்ளியோடு தனி வகையாக நிற்கும். முதலிடத்தில் உள்ள சரக்கின் ஒரு துண்டு கடைசி இடத்தில் காட்சி தரும்.

இரண்டாவது, பட்டியலிலேயே இல்லாத வகை. அந்த மாதம் ஒன்றுகூட விற்காத சரக்குக்கு விற்பனைப் பதிவு இருக்காது. பதிவிலிருந்து திரட்டிய பட்டியலில் அதன் பெயர் வராது. உண்மையில் கடைசி இடம் அதற்குத்தான். பழி அதற்கு மேலே உள்ள சரக்கின்மேல் விழும். ஆகவே வகைப் பட்டியலை இருப்புக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது விற்காத சரக்கு 0 என்ற தொகையோடு தெரியும்.

மூன்றாவது, பொருளற்ற சுழி. கடையில் இன்னும் வந்து சேராத சரக்குக்கும் 0 வரும். அதைத் தேங்கிய சரக்காக எண்ணக் கூடாது. வெற்றுக் கட்டத்தை ஸ்மால் கண்டுகொள்ளாது. சுழியை எண்ணாகவே கொள்ளும். சுழிகளைத் தாண்டி மிகச் சிறிய தொகை வேண்டுமானால், எதிர்ம எண்கள் இல்லாதபோது, இப்படி எழுதலாம்:

=ஸ்மால்($எஃப்$2:$எஃப்$9, கவுண்ட்இஃப்($எஃப்$2:$எஃப்$9, 0) + 1)

நான்காவது, திருப்பிக் கொடுத்த சரக்கு. அதைக் கழித்தல் குறியோடு பதிவுசெய்யும் கடைகளில், போன மாதம் விற்றது இந்த மாதம் திரும்பி வந்து ஒரு வகையின் தொகையைச் சுழிக்கும் கீழே இறக்கலாம்.

புதிய சூத்திரங்கள்

அண்மைய பதிப்புகளில் வேலை சுருங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் கிடைக்கும் எக்செல்லில் ஒரே கட்டத்தில் ஒரே வரி எழுதினால், பெயரும் தொகையுமாக முதல் மூன்று இடங்களும் விரியும்:

=டேக்(சார்ட்பை(இ2:எஃப்9, எஃப்2:எஃப்9, -1), 3)

சார்ட்பை பட்டியலைத் தொகையின்படி இறங்குவரிசையில் அடுக்குகிறது. டேக் மேலிருந்து மூன்று வரிகளை வெட்டி எடுக்கிறது. -1ஐ 1 ஆக்கினால் ஏறுவரிசையாகி, கடைசி மூன்று கிடைக்கும். பெயரும் தொகையும் ஒன்றாகவே நகர்வதால் ஒரே பெயர் இரட்டிக்கும் சிக்கல் இங்கே இல்லை. ஆனால் மூன்றாம் இடத்தில் இரண்டு வகைகள் சமமாக நின்றால், ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வெட்டுப்படும்.

அந்தக் குறைக்குக் கூகுள் ஷீட்ஸில் வழி உண்டு. அதன் சார்ட்என் சூத்திரம், சம எண்களை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்கிறது. மூன்றாவது உறுப்பில் 0 என்று எழுதினால் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் தராது. 1 என்று எழுதினால் கடைசி இடத்தோடு சமமாக உள்ளவற்றையும் சேர்த்துத் தரும்.

=சார்ட்என்(இ2:எஃப்9, 1, 1, 2, ட்ரூ)

மேலே உள்ள கடைக்கு இதன் விடை ஒன்றன்று, இரண்டு: சொங்கோக், தொழுகை விரிப்பு. லிப்ரே ஆபீஸிலும் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பு முதல் சார்ட்பை, ஃபில்டர், யுனிக் ஆகியவை உண்டு. பழைய கணினிக்குக் கோப்பை அனுப்ப வேண்டியிருந்தால் இண்டெக்ஸ்-மேட்ச் முறையே பாதுகாப்பு. அது எல்லாப் பதிப்பிலும் ஓடும்.

சூத்திரம் எழுதத் தயங்குவோருக்குப் பிவட் டேபிள் இருக்கிறது. வகையை ஒரு பக்கமும் தொகையை மறுபக்கமும் இழுத்து வைத்தால் கூட்டலும் வரிசையும் கிடைக்கும். ஆனால் எக்செல்லின் பெரும்பாலான பதிப்புகளில் புதிய பதிவு சேர்ந்தபின் ‘ரிஃப்ரெஷ்’ கொடுத்தால்தான் அது மாறும். சூத்திரம் அப்படிக் காத்திருப்பதில்லை.

எதில் முதல், எதில் கடைசி

சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறாகலாம். எந்த அளவுகோலால் வரிசைப்படுத்துகிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. மலேசியாவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 69,94,423 பேருடன் சிலாங்கூர் முதலிடத்தில் இருக்கிறது. 19,82,112 பேர் கொண்ட கோலாலம்பூருக்கு ஏழாம் இடம். அதே எண்ணை நகரின் பரப்பான 243 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 8,000 பேருக்கு மேல் வரும். அடர்த்தியில் கோலாலம்பூருக்கே முதலிடம். பரப்பில் நாட்டிலேயே பெரிய மாநிலமான சரவாக், மக்கள்தொகையில் ஐந்தாவது.

கடைக்கும் இதுவே பொருந்தும். மேலே கண்ட கடையில் சொங்கோக்கில் 40 விழுக்காடும் கைலியில் 15 விழுக்காடும் இலாபம் நிற்பதாக வைத்துக்கொண்டால், சொங்கோக்கின் இலாபம் 3,920 வெள்ளி, கைலியின் இலாபம் 2,145 வெள்ளி. விற்பனையில் பின்தங்கிய சொங்கோக் இலாபத்தில் கைலியை முந்துகிறது. அது அடைக்கும் அலமாரி இடத்தையும் கணக்கில் கொண்டால் இன்னும் மேலே போகலாம். ஆகவே எஃப் நெடுவரிசைக்கு அருகில் இலாபத்துக்கும் ஒரு நெடுவரிசை வைத்து, இரண்டையும் தனித்தனியே வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்லது. சம எண்களைப் பிரிக்கவும் அந்த இரண்டாம் அளவுகோல் உதவும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. மலேசியாவில் நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் 10 அன்றும், 2025இல் மார்ச் 31 அன்றும் வந்தது. முதல் ஆண்டின் ஏப்ரலில் பெருநாளுக்கு முந்தைய ஒன்பது விற்பனை நாள்கள் இருந்தன. அடுத்த ஆண்டின் ஏப்ரலில் ஒன்றுகூட இல்லை. இரண்டு ஏப்ரல்களையும் ஒப்பிட்டால் பாஜு மெலாயு சரிந்துவிட்டது போலத் தோன்றும். தீபாவளியும் 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று நகர்கிறது. மாதத்துக்கு மாதம் ஒப்பிடாமல், பெருநாளுக்கு முந்தைய 30 நாள்களை ஒப்பிடுவதே சரியான முறை. சம்இஃப்ஸ் சூத்திரத்தில் தேதிகளை மாற்றினால் அது நடந்துவிடும்.

எண்ணுக்கு வெளியே நடந்ததும் எண்ணில் பதியும். 2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கிப் பள்ளம் விழுந்தது. அதில் விழுந்தவரைத் தேடும் பணிக்காகத் தெருவின் ஒரு பகுதி பல நாள் அடைக்கப்பட்டது. அந்த வாரங்களில் ஒரு வகை கடைசி இடத்துக்குப் போயிருந்தால் குறை சரக்கினுடையதாக இருக்க வேண்டியதில்லை. பதிவுத்தாளில் டி நெடுவரிசையில் ‘தெரு அடைப்பு’ என்று ஒரு சொல் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு கணக்கைப் பார்ப்பவருக்கு அது விளங்கும்.

முதல் மூன்று இடங்களை நம்பிக் கூடுதல் சரக்கு வாங்கலாம். கடைசி மூன்று இடங்களில் உள்ளதை நிறுத்துமுன், பெயர், சுழி, சம எண், இலாபம், தேதி ஆகிய ஐந்தையும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.